ஒன்பது அதிரசமும் ஒரு கோல்கீப்பரும்

என் வாழ்க்கையில் ஒரே ஒரு நாள்தான் நோன்பு இருந்திருக்கிறேன். நான் அதிகமாகத் தின்று தீர்த்த நாட்களை வரிசைப்படுத்தினால் அந்த நாளுக்கு இரண்டாவது இடம் கிடைக்கும். (முதலிடம் என் கல்யாணம். அதில் எனக்கு உரிமை உண்டு.) இதை நானாக வெளியே சொல்லிக்கொள்வதில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. என் அக்கா வீட்டுக்காரர் முரளி மாமா, முடிச்சூரில் ஆரம்பித்து திண்டிவனம் வரைக்கும் இருக்கிற அத்தனை சொந்தக்காரர்களிடமும் சொல்லி முடித்துவிட்டார். அவர் சொல்கிற கதையில் அதிரசத்தின் எண்ணிக்கை வருடா வருடம் ஏறிக்கொண்டே போகிறது. போன பொங்கலுக்குப் பதினாறு ஆகிவிட்டது. அதனால் நானே உட்கார்ந்து நடந்ததை நடந்தபடி எழுதிவைத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். மொத்தம் ஒன்பது. அதற்கு மேல் ஒரு விள்ளல்கூட இல்லை.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. வீடு செம்பாக்கத்தில், வேலை குரோம்பேட்டையில் ஒரு கூரியர் ஆபீஸில், கால்பந்து பம்மலில். பம்மலில் ஒரு கிளப்புக்கு நான் கேப்டன். (கிளப்பின் பெயரை எழுதப்போவதில்லை. பழைய ஆட்கள் எல்லாரும் திடகாத்திரமாக இருக்கிறார்கள், என் வீட்டு விலாசமும் அவர்களுக்குத் தெரியும்.) கோலுக்கு முன்னால் நடுவில் நின்று எதிராளியைத் தடுக்கிற ஸ்டாப்பர் வேலை எனக்கு. பெரிய ஆட்டக்காரன் என்று என்னை நானே நம்பிக்கொண்டிருந்தேன். என் குரல் மைதானத்தின் அந்தக் கோடி வரைக்கும் கேட்கும். குரல் பெரிதாக இருந்தால் ஆட்டமும் பெரிது என்று ஒரு கணக்கு.

எங்கள் கோல்கீப்பர் சாதிக். பதினெட்டு வயது. பிளஸ் டூ முடித்துவிட்டு அவன் அப்பா ஹனீபா பாயோடு தையல் மிஷின் ரிப்பேருக்குப் போய்க்கொண்டிருந்தான். தோல் பட்டறைகளில் இருக்கும் கனமான மிஷின்களை மாடி மாடியாகத் தூக்கி இறக்குவான். ஆள் ஒல்லி, கை மட்டும் நீளம். தலைக்கு ஜெல் போட்டு முள்ளம்பன்றி மாதிரி நிறுத்திக்கொண்டு, மஞ்சள் நிறத்தில் ஒரு கையுறை போட்டுக்கொண்டு வந்து நிற்பான். முந்தின வருடம் எங்களை மூன்று மேட்சில் காப்பாற்றியவன் அவன்தான். அதையெல்லாம் யார் ஞாபகம் வைத்துக்கொள்வது? கால்பந்தில் கோல் போட்டவனை ஒரு வாரம் நினைப்பார்கள், கோல் விட்டவனைச் சாகிற வரைக்கும் நினைப்பார்கள்.

தீபாவளியும் ரம்ஜானும் ஒரே வாரத்தில் வந்த வருடம் அது. இரண்டாயிரங்களின் நடுவில் அப்படி ஒன்று வந்தது, உங்களுக்கும் ஞாபகம் இருக்கலாம். எங்கள் பக்கத்துக் கிளப்புகள் எல்லாம் சேர்ந்து நடத்துகிற போட்டியில் நாங்கள் அரையிறுதி வரைக்கும் வந்துவிட்டோம். ஆனால் வந்த விதம் சரியில்லை. நாலு மேட்சில் நாலு கோல் வாங்கியிருந்தோம், நாலும் ஆட்டத்தின் கடைசிப் பதினைந்து நிமிஷத்தில். எல்லாம் ஒரே மாதிரிதான். பந்து உயரமாக எங்கள் கோலை நோக்கி வரும். நான் உயிரைக் கொடுத்து எம்பிக் குதிப்பேன். பந்து என் தலையிலோ தோளிலோ எங்கேயோ உரசிக்கொண்டு பின்னால் போகும். திரும்பிப் பார்த்தால் சாதிக் தப்பான பக்கம் விழுந்து கிடப்பான், பந்து வலைக்குள் இருக்கும். இடுப்பில் கை வைத்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "என்னடா பண்ற?" என்று நான் கத்துவேன். அவன் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு பந்தை எடுத்துக் கொடுப்பான்.

இந்த நேரத்தில்தான் என் அக்கா எனக்குப் போன் செய்தாள். முரளி மாமா அப்போதுதான் முடிச்சூரில் மனை வாங்கி வீடு கட்டிக் குடியேறியிருந்தார். காலேஜ் காலத்தில் கோல்கீப்பர். வயது முப்பத்தைந்து ஆகியும் அந்தப் பேச்சை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமையானால் வீட்டில் சும்மா இருந்துகொண்டு, சாம்பாரில் உப்பு, குழந்தையின் கையெழுத்து, பக்கத்து வீட்டு மோட்டார் சத்தம் என்று எல்லாவற்றுக்கும் விமர்சனம் சொல்கிறாராம். "இந்த மனுசன ஞாயித்துக்கெழம மட்டும் எங்கயாவது கூட்டிட்டுப் போய்க் கட்டி வைடா" என்றாள். எனக்கு உடனே பொறி தட்டியது. கோல் போஸ்டை விட நல்ல இடம் எது?

ஆக, சாதிக்கை மாற்ற வேண்டும். ஆனால் அக்கா சொன்னாள் என்று கமிட்டியில் சொல்ல முடியுமா? காரணம் தேடினேன். கடைசிப் பதினைந்து நிமிஷம், ரம்ஜான் மாதம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததும் என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

கிளப் செயலாளர் தேவராஜ் அண்ணன் தோல் பை தைக்கிற பட்டறை வைத்திருந்தார். அதன் மாடிதான் கிளப் ஆபீஸ். தோல் வாடையும் பசை வாடையும் சேர்ந்து அடிக்கும். விமானம் தலைக்கு மேலே தாழ்வாக இறங்கும்போது பேசுகிறவன் பாதியில் நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். அந்த மாடியில் வியாழக்கிழமை சாயங்காலம் கமிட்டி கூடியது. நான் எழுந்து நின்று உருக்கமாகப் பேசினேன். பாவம் சின்னப் பையன், பகல் முழுக்கப் பட்டினி, பச்சைத் தண்ணி கிடையாது, கடைசி நேரத்தில் கால் தளர்கிறது, கண் இருட்டுகிறது, இது அவன் தப்பே இல்லை, அவன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன், பெருநாள் வரைக்கும் அவனுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு அனுபவம் உள்ள ஒருவரை நிறுத்தலாம் என்றேன். நடுவில் இரண்டு விமானம் போனது. இரண்டு தடவையும் முகத்தைச் சோகமாகவே வைத்துக்கொண்டு நின்றேன். (நடிப்பில் எனக்கு ஒரு குறையும் வந்ததில்லை.)

தேவராஜ் அண்ணன் தலையைச் சொறிந்தார். அவருக்கு வேறு கவலை. தாம்பரம் பக்கம் ஒரு காலேஜின் விளையாட்டு ஆசிரியர் ஃபைனலைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார். சாதிக் நன்றாக நின்றால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் அவனுக்கு சீட். அவன் வீட்டு நிலைமைக்குக் காலேஜ் வாசலை மிதிக்க வேறு வழியே கிடையாது. ஃபைனலில் அவன் நிற்கவில்லையென்றால் அந்த ஆசிரியர் வேறு யாரையாவது எடுத்துக்கொண்டு போய்விடுவார். இது எனக்கும் தெரியும். தெரிந்துதான் பேசினேன். இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கு வெட்கம் வரவில்லை, அக்காவின் சிரித்த முகம்தான் வந்தது.

எங்கள் கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. யாரை டீமிலிருந்து எடுத்தாலும் முதுகுக்குப் பின்னால் எடுக்கக்கூடாது. ஆளைக் கூப்பிட்டு உட்காரவைத்து முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டும். சின்னப் பையனாக இருந்தால் வீட்டுப் பெரியவரையும் கூப்பிட வேண்டும். அதன்படி சாதிக்கும் ஹனீபா பாயும் மாடியேறி வந்தார்கள். பாய் கையில் இன்னும் மிஷின் எண்ணெய் இருந்தது. நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். சாதிக் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பத்து வயசுலேர்ந்து நோம்பு புடிக்கிறான் தம்பி. நோம்போடதான் மிஷின தூக்கிட்டு மூணு மாடி ஏர்றான். அதுல கண்ணு இருட்டலியே" என்றார் பாய்.

மிஷின் தூக்குவது வேறு, மேட்ச் ஆடுவது வேறு, வெறும் வயிற்றோடு எவனாலும் எழுபது நிமிஷம் ஓட முடியாது என்றேன்.

"நீங்க ஒரு நாள் இருந்து பாத்திருக்கீங்களா தம்பி?"

கோபமாகக் கேட்கவில்லை. கிண்டலும் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் "இல்லை" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை. ஆனால் கமிட்டியில் ஏழு பேர் என்னையே பார்த்தார்கள். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்? ஞாயிற்றுக்கிழமை அரையிறுதியை நோன்போடு ஆடுகிறேன், என்னால் முடிந்தால் ஃபைனலிலும் சாதிக்கே நிற்கட்டும், எனக்கே முடியவில்லையென்றால் சாதிக்குக்கும் முடியாது என்று எல்லாரும் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டேன். பாய் சிரித்துக்கொண்டே ஞாயிற்றுக்கிழமை நோன்பு திறக்க மொத்த டீமையும் வீட்டுக்கு அழைத்தார். தேவராஜ் அண்ணன் நோட்டில் எழுதிக்கொண்டார்.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் எனக்குப் பெருமை. முடிந்தால் நான் வீரன், முடியாவிட்டால் மாமாவுக்கு இடம். எப்படி விழுந்தாலும் எனக்கு லாபம்.

ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன் அம்மாவை எழுப்பி எட்டு இட்லி தின்றேன். "எந்த சாமிக்குடா வேண்டுதல்?" என்று அம்மா கேட்டாள். கால்பந்துக்கு என்றேன். எனக்குப் பெண் பார்க்க ஆரம்பிக்க வேண்டும் என்று அம்மா முணுமுணுத்தாள்.

காலை ஒன்பது மணி வரைக்கும் நோன்பு என்பது ஒரு பெரிய விஷயமே இல்லை என்று தோன்றியது. ஒன்பதரைக்கு அம்மா அடுப்பில் எண்ணெய்ச் சட்டியை வைத்தாள்.

வரப்போகிற வெள்ளிக்கிழமை தீபாவளி என்பதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவே இல்லை. முதலில் முறுக்கு. பிறகு அதிரசம். வெல்லப் பாகும் ஏலக்காயும் நெய்யும் கலந்த அந்த வாசனை ஹாலுக்கு வந்தது, படுக்கையறைக்கு வந்தது, கதவைச் சாத்தினால் கதவிடுக்கு வழியாக வந்தது. மொட்டை மாடிக்கு ஓடினேன். அங்கே எதிர் வீட்டில் சோமாசி போட்டுக்கொண்டிருந்தார்கள். செம்பாக்கமே சேர்ந்து எனக்கு எதிராகச் சதி செய்தது.

சாதிக் வீட்டுக்குப் போன் செய்தேன். எச்சில் விழுங்கலாமா என்று கேட்டேன். விழுங்கலாம் என்றான். குளிக்கலாமா? குளிக்கலாம். பத்து நிமிஷம் கழித்து மறுபடியும் போன் செய்து, பலகார வாசனை பிடித்தால் நோன்பு முறியுமா என்று கேட்டேன். அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "தானா வந்தா தப்பில்லண்ணா. நீங்களா போய்ப் புடிக்காதீங்க" என்றான். நான் அப்போது சமையலறை வாசலில் நின்றுதான் பேசிக்கொண்டிருந்தேன்.

கிளம்பும்போது அம்மா ஒரு டப்பா நிறைய அதிரசம் போட்டு, சாயங்காலம் அந்தப் பையன் வீட்டில் கொடு என்று என் பையில் திணித்தாள். அங்கேதான் என் விதி முடிந்தது. செம்பாக்கத்தில் இருந்து பம்மல் வரைக்கும் என் வண்டியின் முன்னால் அந்தப் பை தொங்கிக்கொண்டு வந்தது. திரும்புகிற இடத்திலெல்லாம் டப்பா கடகடவென்று கூப்பிட்டது.

மைதானத்துக்கு இரண்டரைக்கே போய்விட்டேன். மேட்ச் மூன்றரைக்கு. அங்கே யாரும் இல்லை. மைதானத்துக்குப் பின்னால், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் ஒரு பழைய டெம்போ எப்போதும் நிற்கும். அதன் மறைவில் போய் நின்றேன். சும்மா டப்பாவைத் திறந்து உடைந்திருக்கிறதா என்று பார்க்கத்தான். ஒன்று உடைந்திருந்தது. உடைந்ததை ஒரு வீட்டுக்குக் கொடுத்தால் மரியாதையாக இருக்குமா? அதைத் தின்றேன். பிறகு டப்பாவில் ஒரு ஓட்டை மாதிரி இடம் தெரிந்தது. அது தெரியாமல் இருக்க மேலே இருந்ததைச் சரிசெய்தேன், அதாவது தின்றேன். அப்புறம் எனக்கே காரணம் தேவைப்படவில்லை. டப்பா காலியான பிறகுதான் மூச்சு விட்டேன். எண்ணிக்கொண்டே தின்றதால் ஒன்பது என்பது உறுதியாகத் தெரியும்.

இதில் ஒரு கூத்து பாருங்கள். தண்ணீர்க் குழாய் ரெண்டடி தூரத்தில் இருந்தது. தொண்டை அடைத்தது. ஆனால் ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. தண்ணீர் குடித்தால்தானே நோன்பு முழுசாக முறியும், அதிரசம் பாதிதானே என்று நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன், கடைசியில் சோற்றுக்கு மரியாதை கொடுத்த கதை இது.

தண்ணீர் இல்லாமல் இறங்கிய ஒன்பது அதிரசம், ஆட்டம் தொடங்கிய பத்தாவது நிமிஷத்தில் வேலையைக் காட்டியது. விக்கல். சாதாரண விக்கல் இல்லை, உடம்பையே தூக்கிப் போடுகிற விக்கல். "லெஃப்ட்ல... விக்... ஆளப் புடி" என்று நான் கத்தினால் எங்கள் ஆட்களுக்கு லெஃப்ட் வரைக்கும்தான் புரிந்தது. எதிர் டீம் முன்னணி ஆட்டக்காரன் என் பக்கத்தில் நின்று எண்ணவே ஆரம்பித்துவிட்டான். கோட்டுக்கு வெளியே ஹனீபா பாய் நின்றிருந்தார். அவர் பக்கத்தில் முரளி மாமா, காலேஜ் காலத்துத் தொப்பியும் பழைய கையுறையுமாக, அடுத்த வாரம் தான் நிற்கப்போகிற இடத்தை நோட்டம் விட வந்திருந்தார். பாய் அவரிடம், "நாக்கு வறண்டுபோச்சு, அதான் விக்கல். தண்ணி குடிக்க மாட்டேங்குறாரு பாருங்க, என்னா வைராக்கியம்" என்று கண் கலங்கிச் சொன்னாராம். இடைவேளையில் யாரோ தண்ணீர் பாட்டிலை நீட்டியபோது எல்லார் எதிரிலும் நான் கையை உயர்த்தி மறுத்தேன். கைதட்டினார்கள். திருடனுக்குத் தேள் கொட்டினால் எப்படி இருக்கும் என்று எனக்கு அன்றைக்குத் தெரிந்தது.

இரண்டு கோல் போட்டு நாங்கள் முன்னால் இருந்தோம். ஆட்டம் முடிய ஏழெட்டு நிமிஷம் இருக்கும்போது ஒரு கார்னர். பந்து உயரமாக மிதந்து வந்தது. சாதிக் "கீப்பர்!" என்று கத்தினான். அப்படி ஒரு குரல் வந்தால் பந்து அவனுடையது, மற்றவர்கள் ஒதுங்க வேண்டும் என்று அர்த்தம். நான் ஒதுங்கவில்லை. எம்பினேன். காற்றில் இருக்கும்போது ஒரு விக்கல் வந்தது. நெற்றியில் படவேண்டிய பந்து காதில் பட்டுத் திரும்பி, சாதிக்கின் மஞ்சள் கையுறைக்கு மேலே போய் எங்கள் கோலிலேயே விழுந்தது. நானும் அவன்மேலேயே விழுந்தேன். இரண்டுக்கு ஒன்று. எப்படியோ சமாளித்து ஜெயித்துவிட்டோம்.

சாயங்காலம் எல்லாரும் ஹனீபா பாய் வீட்டு மொட்டை மாடியில் பாய் விரித்து உட்கார்ந்தோம். பேரீச்சம்பழம், கஞ்சி, வடை, சமோசா, ரோஸ் கலரில் கடல்பாசி இனிப்பு எல்லாம் தட்டில் வந்தது. பாங்கு சத்தம் கேட்டதும் முதல் பேரீச்சம்பழத்தைப் பாய் என் கையில் கொடுத்தார். எனக்கு அதைப் பார்த்ததுமே வயிற்றைப் புரட்டியது. எல்லாரும் கஞ்சியைக் குடிக்க, பகல் முழுக்கப் பட்டினி கிடந்ததாகச் சொல்லப்பட்ட நான் மட்டும் கிண்ணத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ரொம்பத் தளந்துட்டாரு. பசி மரத்துப்போச்சு" என்றார் பாய். பிறகு தேவராஜ் அண்ணன் பக்கம் திரும்பினார். "அண்ணே, நான்தான் புரியாம பேசிட்டேன். எரும மாதிரி ஒடம்பு கேப்டன் தம்பிக்கு, தப்பா நெனச்சுக்காதீங்க தம்பி, அவரே இன்னிக்கு இந்தப் பாடு பட்டாரு. இவன் ஒல்லிப் பையன். ஃபைனல்ல இவன் வேணாம். முரளி சாரே நிக்கட்டும்."

தேவராஜ் அண்ணன் பெருமூச்சு விட்டார். பேச்சுப்படி பார்த்தால் அதுதான் முடிவு என்றார். சாதிக் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டான். எங்கள் டீமில் அன்றைக்கு முழுக்க நிஜமாகவே பட்டினி இருந்தவன் அவன் ஒருவன்தான், இரண்டு வாய்கூடக் குடித்திருக்கமாட்டான்.

நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். அக்காவுக்கு நிம்மதி, மாமாவுக்கு இடம், எனக்குத் தியாகிப் பட்டம். எல்லாம் நான் ஆசைப்பட்டபடியே தட்டில் வந்து நின்றது. ஆனால் அந்தப் பையன் கிண்ணத்தைக் கீழே வைத்த விதம் என்னை என்னவோ செய்தது. ஒரு காலேஜ் சீட்டு, ஒன்பது அதிரசத்தில் போகிறதே என்று பயம் வந்தது. சொல்லிவிட்டால் மானம் போகும், சொல்லாவிட்டால் அவன் போவான்.

"பாய்," என்றேன். விக்கல் வந்தது. அது முடியக் காத்திருந்தேன். "நான் நோம்பு இல்ல."

யாருக்கும் புரியவில்லை.

"காலைல இருந்தேன். ரெண்டரைக்கு வுட்டுட்டேன். கிரவுண்டு பின்னால டெம்போ நிக்குதுல்ல, அங்க வெச்சு சாப்ட்டேன். அதிரசம். உங்க வூட்டுக்குன்னு அம்மா குடுத்தது. ஒம்போது."

"ஒம்போதா?" என்றார் தேவராஜ் அண்ணன். கிளப்பின் செயலாளராக அவருக்கு எண்ணிக்கைதான் முக்கியமாகப் பட்டது.

"எங்க அத்த சுடற அதிரசம் ஒண்ணொண்ணும் இவ்ளோ அகலம் இருக்கும் சார்" என்று முரளி மாமா கையை விரித்துக் காட்டினார். (சொந்த ரத்தமாக இல்லாவிட்டாலும் சொந்தக்காரர் இல்லையா, விட்டுக்கொடுப்பாரா?)

முதல் சிரிப்பு மாடிப்படிக் கதவுக்குப் பின்னால் இருந்து வந்தது. சாதிக்கின் அம்மாவும் தங்கைகளும். அப்புறம் மாடியே அதிர்ந்தது. ஹனீபா பாய் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். என் முதுகில் தட்டிக்கொண்டே, "நல்ல வேள தம்பி, நோம்பால உங்களுக்கு ஏதோ ஆயிடுச்சோன்னு பயந்தே போயிட்டேன்" என்றார். எனக்கு மாடியில் இருந்து குதித்துவிடலாம் போல இருந்தது.

சிரிப்பு அடங்கினதும் முரளி மாமா தொப்பியைக் கழற்றினார். கிளப்பில் அதுவரை யாரும் கேட்காத ஒரு கேள்வியைக் கேட்டார். "இந்தப் பையன் இன்னிக்கு அஞ்சு வாட்டி கீப்பர்னு கூப்ட்டான். அஞ்சு வாட்டியும் நீ வுடல. இதுக்கு முன்னாடி வுழுந்த நாலு கோலும் இப்படித்தானா மச்சான்?"

டீமே என்னைப் பார்த்தது. நானும் வேறு யாரையாவது பார்க்கலாம் என்று பார்த்தேன், யாரும் கிடைக்கவில்லை.

"பையன் இடம் மாறாம கரெக்டாதான் நிக்கிறான். இவன் முன்னால பூந்து பந்தத் திருப்பி வுட்டா கடவுளே வந்து நின்னாலும் புடிக்க முடியாது. இந்த டீம்ல நான் நிக்க மாட்டேன்பா, என் மானம் போயிடும்" என்று சொல்லிவிட்டு மாமா சமோசாவை எடுத்துக்கொண்டார். நான் கூட்டிவந்த ஆள். என் அக்கா புருஷன். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வதற்கு என்னை மிஞ்ச ஆள் இல்லை.

கீழே இறங்கும்போது படியில் சாதிக்கைத் தனியாகப் பிடித்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் நினைத்தேன். அதற்குள் அவன், "நான் பாத்தேண்ணா" என்றான்.

"என்னத்தடா?"

"டெம்போ கிட்ட. மூஞ்சி கழுவ வந்தேன். நீங்க அப்ப நாலாவதோ அஞ்சாவதோ."

எனக்குக் காது சுட்டது. "ஏன்டா, அப்பவே ஒரு குரல் குடுக்க வேண்டியதுதான?"

"சாப்புடறவங்கள எப்படிண்ணா கூப்புடறது?"

"சரி, மேல உங்க அப்பா உன்ன வேணாம்னு சொன்னப்போ? அப்ப சொல்லிருக்கலாம்ல?"

"அத நீங்கதானண்ணா சொல்லணும்" என்றான். சொல்லிவிட்டு, அடக்க முடியாமல் என் விக்கலைப் போலவே ஒரு விக்கல் விட்டுக் காட்டிவிட்டுப் படியில் ஓடிவிட்டான். வண்டியை எடுத்துக்கொண்டு பல்லாவரம் வழியாகச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அழுகை வந்தது, அதை விக்கல் கெடுத்தது.

திங்கட்கிழமை மறுபடியும் கமிட்டி. என்னை உட்காரவைத்து, வழக்கப்படி முகத்துக்கு நேராகச் சொன்னார்கள். ஆளை மாற்றத்தான் வேண்டும், ஆனால் நான் கைகாட்டிய ஆள்தான் தப்பு என்றார் தேவராஜ் அண்ணன். சின்னவனாக இருந்தால் வீட்டுப் பெரியவரையும் கூப்பிட வேண்டும் என்ற விதிப்படி, எனக்குச் சார்பாக முரளி மாமாவைக் கூப்பிட்டிருந்தார்கள். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

தீபாவளிக்கும் ரம்ஜானுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஃபைனலில் நான் வெளியே உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலுக்குக் காவல் இருந்தேன். மழை பெய்து மைதானம் சேறு. நோன்போடு சாதிக் "கீப்பர்!" என்று கத்தும்போதெல்லாம் எங்கள் ஆட்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கினார்கள், அவன் பந்தைப் பழம் பறிக்கிற மாதிரி பறித்தான். வெளியே இருந்த நான்தான் ஒவ்வொரு தடவையும் பழக்கதோஷத்தில் எம்பிக் குதித்தேன். கடைசி நிமிஷம் வரைக்கும் கோல் விழவில்லை. டைபிரேக்கரில் இரண்டைத் தடுத்தான். எங்கள் ஆட்கள் மூன்றை வானத்துக்கு அடித்ததால் கோப்பை போய்விட்டது. ஆனாலும் அந்த விளையாட்டு ஆசிரியர் சேற்றில் செருப்பு மாட்டிக்கொள்ள, அதைக் கையில் எடுத்துக்கொண்டு நேராகச் சாதிக்கிடம்தான் நடந்து வந்தார். எனக்குக் கோப்பை போனதே தெரியவில்லை. பாட்டிலைத் தூக்கிப் போட்டுவிட்டு ஓடிப்போய் ஹனீபா பாயைக் கட்டிக்கொண்டேன்.

அடுத்த ஜூனில் சாதிக் காலேஜில் சேர்ந்தான். முரளி மாமா ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பம்மலுக்குப் போய் அவனுக்குப் பயிற்சி கொடுத்தார். அக்கா நிம்மதியாகச் சாம்பார் வைத்தாள். படிப்பு முடிந்ததும் அதே கால்பந்தை வைத்துச் சாதிக்குக்குக் கவர்மென்ட் வேலை கிடைத்தது. வேலை கிடைத்த அடுத்த வருடம் கல்யாணம். நாங்கள் குடும்பத்தோடு போனோம். பந்தியில் அவ்வளவு பேர் இருக்க, மாப்பிள்ளை தானே எழுந்து ஒரு தாம்பாளம் நிறைய பிரியாணியோடு என் இலைக்கு முன்னால் வந்து நின்றான். என் பக்கத்தில் என் புது மனைவி. எதிரில் அம்மா, அக்கா, மாமா எல்லாரும். நான் மரியாதைக்காகக் கொஞ்சம் போதும் போதும் என்று கையை நீட்டித் தடுத்தேன்.

சாதிக் குனிந்து, மொத்தப் பந்திக்கும் கேட்கிற மாதிரி ரகசியமாகச் சொன்னான். "அன்னிக்குத்தாண்ணா பாத்துட்டேன். இன்னிக்கு அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன். சாப்புடுங்க."

சொன்னபடியே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். மனைவி என்ன விஷயம் என்று கேட்டாள். முரளி மாமா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முதல்முறையாக அந்தக் கதையை ஆரம்பித்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எவர் தட்டில் எதை வைத்தாலும், வைத்தவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வதுதான் வழக்கம். என் ஐந்து வயது மகள்கூட எனக்கு பிஸ்கட் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கிறாள்.